மெல்லிசான பிளேடு

புது பிளேடு மிஷினில் முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டது. நடு ஓட்டை சரி, விட்டம் சரி. போல்ட்டை முறுக்கியதும் ஆடாமல் அசையாமல் நின்றது. என் கணவர் என்னைப் பார்த்து, சொன்னேன் பார்த்தியா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. எங்கள் வீட்டில் எதுவும் முதல் தடவையிலேயே பொருந்தியதில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய மெட்டிகூட இரண்டு தடவை தட்டானிடம் போய்த்தான் என் விரலுக்கு வந்தது.

நான் பட்டினப்பாக்கத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றாள், நான் மட்டும் ஊசியைப் பிடித்தேன். ஆரி வேலை. கல்யாண ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி வைத்த ஊசியால் ஜரிகையும் மணியும் கோர்க்க வேண்டும். துணிக்கு மேலே வலது கையில் ஊசி, கீழே இடது கையில் நூல். கீழே இருக்கிற கையைப் பார்க்க முடியாது, விரல் நுனியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு விரலில் சின்னக் கீறல் விழுந்தால்கூட அன்றைக்கு மணி வரிசை கோணல்தான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் மகள் கல்லூரிக்குப் போவதும் பெரும்பாலும் இந்த விரல்களால்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

கணவர் தச்சர். வடபழனியில் சினிமா செட்டுகளுக்கு மரவேலை செய்து வளர்ந்தவர். செட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஷாட் முடிகிற வரை நின்றால் போதும். கையில் எது கிடைக்கிறதோ அதைப் பொருத்து, ஆணி அடி, பெயின்ட் அடி, அடுத்த இடத்துக்கு நகரு. அந்த வேகத்தில் அவர் வேலை செய்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் செட்டில் நிற்கிற கதவு வேறு, வீட்டில் நிற்கிற கதவு வேறு. செட்டு வேலை குறைந்து, மந்தைவெளிச் சந்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு வீட்டுக் கதவுகள் செய்ய ஆரம்பித்த பிறகும் அவருடைய கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்த மிஷினைப் பழையதாகத்தான் வாங்கினார். நீளமான அலுமினிய ரெயிலைப் பலகை மேல் வைத்தால் ரம்பம் அதன் மேல் நேர்கோட்டில் ஓடும். மற்ற ரம்பங்கள் மாதிரி பிளேடு எப்போதும் வெளியே தெரியாது. கைப்பிடியை அழுத்தினால்தான் கீழே இறங்கி மரத்துக்குள் குதிக்கும், விட்டால் மேலே ஏறி ஒளிந்துகொள்ளும். பிளேடுக்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல ஒரு இரும்புத் தகடு உண்டு. அறுத்த இடம் மறுபடியும் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அந்தத் தகடு நடுவில் நின்று பார்த்துக்கொள்ளும். விற்றவர் இதையெல்லாம் நின்று நிதானமாகச் சொல்லித்தான் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

பிளைவுட் வேலைக்கு அது தங்கமான மிஷின். வினை வந்தது அபிராமபுரத்திலிருந்து. அங்கே ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கூரையைத் தாங்கிய தேக்குச் சட்டங்களைப் பத்திரமாக இறக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு இஞ்சு கனம், ஒரு சாணுக்கு மேல் அகலம். அந்த மரத்திலேயே தலைவாசல் நிலை செய்ய வேண்டும், வியாழக்கிழமை காலை முகூர்த்தத்தில் நிலை வைக்க வேண்டும் என்று அந்த வீட்டு மாமி சொல்லிவிட்டார். சட்டங்களை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால்தான் நிலைக்கு அளவு வரும். மரம் அறுக்கும் மில்லில் கேட்டோம். பழைய மரத்துக்குள் ஆணி இருக்கும், எங்கள் ரம்பம் போய்விடும் என்று கையை விரித்தார்கள். சரி, நம்ம மிஷின் இருக்கிறதே என்றார் இவர். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கினார். அந்த விஷயத்தில் பொறுமையாகத்தான் இருந்தார்.

திங்கட்கிழமை ஒரு சட்டத்தில் வெட்டிப் பார்த்தார். ஒரு முழம்கூடப் போகவில்லை, புகை கிளம்பியது. ஷெட் முழுக்கத் தேக்கு எரிகிற வாசனை. வெட்டின இரண்டு பக்கமும் தோசை கருகின மாதிரி கறுப்பு.

"மரம் எரியுதுயா" என்றேன்.

"எனக்குத் தெரியலியா? இது பிளைவுட்டு பிளேடுமே. நாப்பத்தெட்டு பல்லு கீது. பல்லு நெருக்கமா கீறதால தூள் வெளிய வர எடமில்ல. நீட்டுக்கு அறுக்க பல்லு கம்மியா கீற பிளேடு வேணும்."

பிளேடை நிறுத்திவிட்டு அவர் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து வெட்டின இடத்தை எனக்குக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன், வெட்டின வாய் உள்ளே பிளேடு நின்ற இடத்தில் அகலமாகவும் ஓரத்துக்கு வர வரக் குறுகியும் இருந்தது. மேலே இருந்த பாரத்தையெல்லாம் காலம் காலமாகத் தாங்கி முறுக்கேறி நின்ற மரம். அறுத்ததும் அந்த முறுக்கு விடுபட்டு இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று நெருக்குகிறது. பின்னால் இருந்த தகடு மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே பிளேடைக் கவ்வியிருக்கும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த மரமே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மணி வாங்க தி. நகர் போக வேண்டியிருந்தது. பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் கருவிகள் விற்கிற பாய் கடை உண்டு. பழைய பிளேடைச் செய்தித்தாளில் சுற்றி மணிப் பொட்டலங்களோடு பையில் போட்டுக்கொண்டு போனேன். பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"விட்டம் நூத்தி அறுவது, ஓட்டை இருவது. மிஷின் எவ்ளோ வேகத்துல சுத்துது, தெரியுமா தங்கச்சி?"

மிஷின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். மிஷினின் வேகத்தைவிட அதிக வேகம் தாங்குகிற பிளேடாகப் பார்த்து எடுத்தார். பன்னிரண்டு பல். பல்லுக்குப் பல் நடுவே நல்ல பள்ளம். தூள் தாராளமாக வெளியே வரும். விட்டம் அதே, ஓட்டை அதே. எல்லாம் சரி, ஆனால் கையில் வாங்கியதும் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பழையதைவிட மெல்லிசு.

"ஆமா, இது மெல்லிசுதான்" என்றார் பாய். "மரம் வீணாவாது, மோட்டருக்கும் பாரம் இல்ல, இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ஆனா உங்க மிஷின்ல பிளேடுக்குப் பின்னால ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு இந்தப் பல்லோட அகலத்தவிட கனமா இருந்தா வெட்டுக்குள்ள போவாது, மாட்டிக்கும். வீட்ல ஒரு வாட்டி அளந்து பாக்கச் சொல்லுங்க. கனமான பிளேடு வேணும்னா வெள்ளிக்கிழமைதான் வரும்."

முகூர்த்தம் வியாழக்கிழமை. கடை வாசலில் நின்று இவருக்குப் போன் போட்டேன்.

"ஓட்டை சேருதா?" என்றார்.

"சேருது. ஆனா பின்னாடி தகடு..."

"ஓட்டை சேந்தா அப்புறம் இன்னா? வாங்கிக்கினு வா."

போனை வைத்துவிட்டார். மயிலாப்பூர் தாண்டி வருகிற வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஏனோ பைக்குள் மணிகளோடு போட மனசு வரவில்லை.

அன்றைக்கு மதியம்தான் அது ஒரே மூச்சில் உட்கார்ந்தது. சின்னத் துண்டு ஒன்றில் வெட்டிப் பார்த்தார். புகை இல்லை, கருகல் இல்லை, தூள் பொலபொலவென்று வந்தது. ஆனால் கையளவு தூரம் போனதும் மிஷின் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தகடு வெட்டுக்குள் நுழையவில்லை. வேறு ஒன்றையும் நான் கவனித்தேன். ரெயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் விளிம்பு இருக்கும், பிளேடு அதை ஒட்டியே ஓடும். இப்போது விளிம்புக்கும் வெட்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி. துணியில் நூலளவு பிசகினாலே ரவிக்கை கைக்கு ஏறாது. இது சுற்றுகிற இரும்பு.

"பாய் சொன்னது சரிதான்யா. இந்தத் தகடுக்கு இந்த பிளேடு ஆவாது. வெள்ளிக்கிழமை வரட்டும்."

அவர் ஆலன் கீயை எடுத்தார். தகட்டின் திருகைக் கழற்றினார். தகடு தனியாக வந்தது. அதைப் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போட்டார்.

"இன்னாய்யா பண்ற?"

"செட்டுல இத யாரு வெச்சிக்கினு வேலை செஞ்சாங்க? மொத நாளே கழட்டிப் போட்டுடுவோம்."

"மரம் கவ்விச்சின்னா?"

"ஆப்பு எதுக்கு கீது? கை ரம்பத்துல அறுக்கும்போது இன்னா பண்றோம்? அறுத்த வாய்ல ஆப்பு சொருவிக்கினே போறோம் இல்ல? அதே கதைதான். நான் மிஷினத் தள்றேன், நீ பின்னாலயே ஆப்பு வெச்சிக்கினு வா. உன்னுது லேசான கை."

கை ரம்பத்துக்கு அது சரியான வழக்கம்தான். மூங்கில் ஆப்பை வெட்டின வாயில் செருகினால் மரம் விரிந்து கொடுக்கும், ரம்பம் சிக்காது. எங்கள் ஊர்த் தச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கை ரம்பம் சிக்கினால் நின்றுபோகும், அவ்வளவுதான். இது சிக்கினால் நிற்காது. முன்னால் போகிற வேகத்தோடு பின்னால் எகிறும். பின்னால் யார் கை இருக்கிறது? ஆப்பு வைக்கிறவள் கை. விற்றவர் இதையும் சொல்லியிருந்தார்.

இவ்வளவு தெரிந்தும் அன்றைக்கு வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து வைத்தேன். முதல் சட்டம். அவர் அழுத்த, பிளேடு மரத்துக்குள் இறங்கியது. அவர் தள்ளத் தள்ள நான் பின்னால் குனிந்துகொண்டே மூங்கில் சீவல்களைச் செருகினேன். சூடான தூள் மணிக்கட்டில் சுரீர் சுரீரென்று விழுந்தது. பாதி தூரம் போயிருப்போம். சத்தம் திடீரென்று கம்மி, உறுமல் மாதிரி ஆயிற்று. மிஷின் ரெயில் மேல் ஒரு குதி குதித்துப் பின்னால் வந்தது. ஒரு சாண் தூரம்தான். அவர் இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் வைத்த கடைசி ஆப்பு இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது. அதை வைத்துவிட்டு விரலை எடுத்து ஒரு மூச்சு விடக்கூட நேரம் ஆகியிருக்காது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். "வா, அடுத்தது வெய்யி."

நான் எழுந்து நின்றேன். பயம்தான், வேறென்ன சொல்ல. பயம் வந்தால் எனக்கு வாய் வந்துவிடும்.

"ஆப்பசைத்த கொரங்கு கதைய கேட்டிருக்கியா நீ? அந்த கொரங்குக்காச்சும் தான் பண்றது இன்னான்னு தெரியாது. நான் இனிமே இதுல கை வெக்க மாட்டேன். உன் மிஷின், உன் மரம், உன் முகூர்த்தம். என் கைய உடு."

"ஒரு நாள் வேலைக்கு இவ்ளோ பேச்சா?"

"ஒரு நாள் போதும்யா கை போறதுக்கு."

அவர் மிஷினை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலையில் அவரிடம் சொல்லாமல் அபிராமபுரம் போனேன். மாமி பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தார். என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். தங்கமான மனுஷி, இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

"பிளேடு வெள்ளிக்கிழமைதான் வரும் மாமி. ஒரு ரெண்டு நாள் தள்ளி வெச்சிக்க முடியுமா?"

"எப்படிம்மா முடியும்? நாள் பாத்து, எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, சாஸ்திரிகளும் வரேன்னுட்டார். இத விட்டா அடுத்த மாசம் நல்ல நாளே இல்லை. நிலை வெக்கறத மாத்தப்படாது. அது எங்காத்து மரம், அதுலதான் வெக்கணும்னு அவர் உயிரா இருக்கார். உங்காத்துக்காரர் கெட்டிக்காரர், முடிச்சுடுவார்."

நான் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. எங்கள் அப்பா கடலுக்குக் கிளம்பும்போது எப்போது வருவாய் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் ஆகாது என்பார்கள். அவரும் சொல்ல மாட்டார். நான் சந்துக்குள் நுழையும்போது என் கணவர் ஷெட் வாசலில் நின்று கொண்டிருந்தார். "ரெண்டே ரெண்டு சட்டம்மே. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டு டீ குடிக்க வரேன் பாரு" என்றார். இவருக்கு இப்படி நேரம் குறித்துச் சொல்கிற பழக்கம் எப்போதும் உண்டு, எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்றைக்குப் பிடிக்காமல் போனது மட்டுமல்ல, அபசகுனமாகவே பட்டது.

"யோவ், கை ரம்பத்துல அறு. நான் வேணும்னா அந்தப் பக்கம் புடிக்கிறேன். ராவெல்லாம் புடிக்கிறேன்."

"கை ரம்பத்துல அறுத்தா வெட்டு நேரா வராது. அப்புறம் இழைக்கணும், அதுக்கு ஒரு நாள். நீ வர்றியா, இல்லியா?"

"வர மாட்டேன்."

"சரி போ."

உள்ளே போய் ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அரக்கு நிற ரவிக்கை, கைகளில் மயில் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஊசியை எடுத்தேன். பின்னால் மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை வைத்தே எனக்கு எல்லாம் தெரியும். சமமாக ஓடினால் பிளேடு சுகமாகப் போகிறது. கம்மினால் மரம் நெருக்குகிறது. கம்மியது, நின்றது. அமைதி. பிறகு டக் டக்கென்று ஆப்பு அடிக்கிற சத்தம். பிறகு மறுபடியும் மிஷின். நிறுத்திவிட்டுத்தான் ஆப்பு வைக்கிறார் என்று புரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படிச் செய்தால் மெதுவாகத்தான் போகும், ஆனால் கை தப்பும்.

ஒரு சட்டம் முடிந்தது. இரண்டாவது சட்டத்தை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. மிஷின் ஓடியது, நின்றது, ஆப்பு, மிஷின். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் என் ஊசியும் நின்றது. அடுத்த சத்தம் வந்த பிறகுதான் ஒரு மணியைக் கோர்ப்பேன். மயிலின் கழுத்தில் ஒரு வரிசை முடிய அவ்வளவு நேரம் ஆனது.

நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவருக்குப் பொறுமை போகிறது, செட்டு வேகம் வருகிறது என்று தெரிந்தது. சாயங்காலத்துக்குள் டீ என்று சொல்லிவிட்டாரே. பிறகு ஒரு தடவை சத்தம் கம்மியது. நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டும் சேர்ந்து கேட்கக் கூடாது. ஒரு ஆள், இரண்டு கை. மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோயிருக்கிறார்.

"யோவ், நிறுத்துயா" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். ஆரிச் சட்டம் சாய்ந்து மணியெல்லாம் தரையில் சிதறியது. மேலேயே மிதித்து ஓடினேன். பின்கட்டுக் கதவைத் திறக்கிறேன், மிஷின் சத்தம் கம்மி, உறுமி, திடீரென்று லேசாகிவிட்டது. மரத்துக்கு வெளியே காற்றில் சுற்றுகிற சத்தம். அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு அதுவும் நின்றது.

அவர் தேக்குச் சட்டத்தின் மேல் குனிந்து நின்றார். இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பனியன் நனைந்துகொண்டிருந்தது. முகத்தில் வலி இல்லை. ஏதோ வைத்த இடத்தை மறந்துவிட்டவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லமே" என்றார். "ஒரு துணி எடு."

உள்ளே ஓடியதும் கையில் கிடைத்தது அந்த அரக்கு ரவிக்கைத் துணிதான். அதில் சுற்றினேன். ஆட்டோக்காரர் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. ஆட்டோவில் அவர் தலை என் தோளில் கிடந்தது. எனக்குக் கோபம் வரவே இல்லை. முருகா, முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் மேல் கோபமே வராத நாள் அதுதான்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரலைத் தைத்திருக்கிறோம், மடங்குமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது மாமி போன் செய்தார். அழுதார். நிஜமாகவே அழுதார். "நிலை வெச்சாச்சும்மா, ரெடிமேடா ஒண்ணு வாங்கிண்டு வந்து வெச்சுட்டோம். அத விடு, அவர் கை எப்படி இருக்கு?" என்றார். நான் பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மரத்தில்தான் வேண்டும் என்றார்களே, மரத்தை மாற்ற முடிந்திருக்கிறது. முகூர்த்த நாளை மட்டும்தான் மாற்ற முடியவில்லை. மாமி மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க எல்லாரும் வந்தார்கள். கடைசியில் அவருடைய அக்கா வந்தார். தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"புருஷன் கூப்டா கூட நிக்க மாட்டியா? ஒரு ஆப்பு புடிக்க மாட்டியா? நீ புடிச்சிருந்தா அவன் ஏன் ஒத்தக் கையால போராடப் போறான்? கை போயிடும்னு பயந்தியாமே. இப்போ யாரு கை போச்சி?"

வீடு நிறைய ஆட்கள். நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவ வேணாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் இருக்கிறதே, அது அன்றைக்குத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுதிருப்பேன், அந்த அம்மா முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் டீ போட்டேன்.

மறுநாள் காலை கட்டு மாற்றப் போக வேண்டும். ஒற்றைக் கையால் அவரால் சட்டை போட முடியவில்லை. நான் எதிரில் நின்று பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா பேசினத மனசுல வெச்சிக்காத. நீ வந்திருந்தா அந்த எடத்துல உன் கைதான் இருந்திருக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு பேச்சுக்காகத்தான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். ஊர் முன்னால் சொல்லாவிட்டால் என்ன, என்னிடம் சொன்னாரே, போதும் என்று இருந்தது. இரண்டாவது பொத்தானைப் போட்டேன்.

"செட்டுல ஒருத்தனுக்கு இப்டிதான் ஆச்சி" என்றார். "தகட்ட கழட்டிட்டு அறுத்துக்கினு இருந்தோம். அவன் பின்னாலயே ஆப்பு வெச்சிக்கினு வந்தான். மிஷின் எகிறி அவன் கை மேல ஏறிச்சி. நான்தான் அவன தூக்கிக்கினு போனேன்."

"எப்போ?"

"அது ஆச்சி, நம்ம கல்யாணத்துக்கு முன்ன."

என் விரல் பொத்தானிலேயே நின்றது.

"அப்போ என்ன ஆப்பு வெக்கக் கூப்டும்போது உனக்கு இது தெரியும்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"தெரியும். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

கீழே இன்னும் பொத்தான்கள் பாக்கி இருந்தன. நான் கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, அப்பாவுக்குச் சட்டை போட்டு விடு என்றேன்.